சிறு குழந்தைகளோடு காரில் ஏரிக்கரைப் பயணம்: ஏற்காடா, கொடைக்கானலா, உதகையா, தேக்கடியா?

"ஐந்து வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று, சொந்தக் கார் இருக்கிறது, மூன்று நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, ஏரியும் குளிரும் மரங்களும் உள்ள ஊராக ஒன்று சொல்லுங்கள்" என்ற கேள்வி பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் வெவ்வேறு வாசகர்களிடமிருந்து ஏறக்குறைய இதே சொற்களில் வருகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று ஊர்களைத் தாங்களே தேர்ந்துவிட்டு, அவற்றில் எது என்று முடிவு செய்ய முடியாமல் நிற்பவர்கள். நண்பர்களும் உறவினர்களும் சொல்லும் பதில்கள் எந்த ஏரி அழகானது என்பதைப் பற்றியே இருப்பதால் அவை உதவுவதில்லை. மூன்று வயதுக் குழந்தைக்குத் தண்ணீரும் படகும் கரையில் கிடக்கும் கூழாங்கல்லும் எந்த ஊரிலும் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது பயணத்தின் கடைசி இரண்டு மணி நேரப் பாதையும், தங்கும் அறையிலிருந்து ஏரிக்கரைக்கு உள்ள தொலைவும் ஆகும். இக்கட்டுரை அந்த இரண்டையும் முன்னிறுத்தியே ஊர்களை ஒப்பிடுகிறது.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் மலைப்பாதை. மொத்தத் தொலைவு 300 கிலோமீட்டரா 500 கிலோமீட்டரா என்பதைவிட, அதில் எத்தனை கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுகிறது என்பதே குழந்தையின் வயிற்றைத் தீர்மானிக்கிறது. உட்செவி அசைவை உணர்கிறது. கண்ணோ அசையாத முன்னிருக்கையின் முதுகையோ கைபேசித் திரையையோ பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்த முரண்பாடுதான் பயணத்தில் குமட்டலையும் வாந்தியையும் உண்டாக்குகிறது. இரண்டு வயதுக்குக் கீழே இது அரிது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வரை மிகுதி. ஆகவே கைக்குழந்தை அமைதியாகத் தூங்கிவர, அதன் அண்ணனோ அக்காவோ ஒவ்வொரு வளைவிலும் வாயைப் பொத்திக்கொள்வது வியப்பன்று.

இரண்டாவது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி ஏற்காடு சமவெளியைவிடப் பத்து டிகிரி அளவும், உதகை பதினான்கு டிகிரி அளவும் குளிர்ந்திருக்கும். மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது என்பதால் இங்கே பேசப்படும் எந்த ஊருக்கும் அந்த அச்சம் பெரிதாகத் தேவையில்லை. ஆனால் உதகையின் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், பால்புட்டியைக் கொதிநீரில் இடுபவர்கள் வீட்டைவிடச் சில நிமிடம் கூடுதலாக வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, ஊருக்குள் காரை எடுக்காமலேயே ஒரு நாளைக் கழிக்க முடியுமா என்பது. நான்காவது, படகில் குழந்தையின் அளவுக்கேற்ற மிதவைச் சட்டை கிடைக்குமா என்பது. பெரியவர்களுக்கானதைச் சிறு குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைவழியே கழன்றுவிடும். ஐந்தாவது மருத்துவமனை. நள்ளிரவில் காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் எங்கே போவது என்பதற்கு விடை தெரியாமல் அறையைப் பதிவு செய்யக் கூடாது.

## ஏற்காடு

சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏறத்தாழ 1,515 மீட்டர். வளைவுகள் நெருக்கமானவை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுபவை. வாந்தி வரும் குழந்தைக்கும்கூட, "இருபது எண்ணினால் ஊர் வந்துவிடும்" என்று சொல்லிவைக்கலாம். வளைவுகளில் எண் பலகைகள் இருப்பதால் எண்ணத் தெரிந்த குழந்தைக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும். முன்பக்கம் பார்த்துப் பலகையைத் தேடும் கண் குமட்டலையும் குறைக்கிறது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. வளைவுகளே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் குப்பனூர் வழியாகச் செல்லும் பாதையும் உண்டு.

ஏரி ஊரின் நடுவிலேயே இருக்கிறது. படகுத்துறையும் அண்ணா பூங்காவும் அருகருகே அமைந்திருப்பதால், காலையில் படகு, பிறகு ஊஞ்சல், பிறகு உறக்கம் என்று ஒரு நாள் தானாக ஓடிவிடும். சிறிய ஏரி என்பதே பெரியவர்கள் சொல்லும் குறை. மூன்றாம் நாள் பெரியவர்களுக்கு அலுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பயணம் முதன்மையாக யாருக்காக என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறைவான செலவு இங்கே கூட்டம்தான். சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரி மக்கள் காலையில் வந்து மாலையில் திரும்பும் ஊர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் படகுத்துறையில் நிற்கும் வரிசை பொறுமையைச் சோதிக்கும். வெள்ளி மாலை ஏறி ஞாயிறு காலையிலேயே இறங்கிவிடுபவர்கள் பிழைத்தார்கள். மருத்துவ வகையில் இது நான்கு ஊர்களிலும் நிம்மதியானது: ஒரு மணி நேரம் இறங்கினால் சேலத்தின் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இருக்கின்றன.

முதல் மலைப்பயணம், இரண்டே நாள், நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தை ஆகிய மூன்றில் எந்த இரண்டு பொருந்தினாலும் ஏற்காடே என் தேர்வு.

## கொடைக்கானல்

ஏரி என்ற அளவில் குழந்தைகளுக்கு இதற்கு இணையானது தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் உருவாக்கிய இந்த ஏரி விண்மீன் வடிவில் ஏறத்தாழ 60 ஏக்கரில் விரிந்திருக்கிறது. சுற்றிலும் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்ச் சாலை. அதில் வாடகைச் சைக்கிள், குதிரை. கரையை ஒட்டியே 1908-இல் தொடங்கப்பட்ட பிரையண்ட் பூங்கா. ஏரிக்கு நடந்துபோகும் தொலைவில் அறை எடுத்துவிட்டால் இரண்டு நாள் கார்ச் சாவியைத் தொடவே வேண்டாம். ஐந்து கிலோமீட்டரும் நடக்க வேண்டும் என்ற வைராக்கியம் நான்கு வயதுக் குழந்தையோடு போகிறவர்களுக்கு வேண்டாம். பூங்கா வாசலிலிருந்து படகுத்துறை வரை போய்த் திரும்பினால் போதும். அந்தச் சாலையில் வாகனங்களும் ஓடுகின்றன என்பதால் காலை எட்டு மணிக்கு முன் நடப்பதே நல்லது. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடுவதாலும் காலைப் பொழுதே இங்கே பொன்.

இதற்கான விலை பாதையில் கொடுக்கப்படுகிறது. வத்தலக்குண்டு வழியாக ஏறினால் கிட்டத்தட்ட 50 கிலோமீட்டருக்கு மலைப்பாதை நீள்கிறது. பழனி வழியும் குறைந்ததன்று. ஏற்காட்டு வளைவுகளைப் போல ஒவ்வொன்றும் கூர்மையாக இராமல், இடமும் வலமுமாக இரண்டு மணி நேரம் விடாமல் ஆட்டிக்கொண்டே போகும் பாதை இது. குமட்டலுக்கு இந்த வகை ஆட்டமே மோசமானது. எங்கள் மூத்த மகள் ஏற்காட்டில் இருபது வளைவையும் சிரித்துக்கொண்டே ஏறியவள், இங்கே ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு முறை உடை மாற்றினாள். அதன் பிறகு ஏறும்போது பாதி வழியில் இருபது நிமிடம் காரை நிறுத்தி இறங்கி நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். ஏறத்தாழ 2,133 மீட்டர் உயரத்துக்கு வந்து சேர்ந்ததும் அன்று மாலை ஏரியைப் பார்க்கும் திட்டத்தையும் கைவிட்டுவிடுவது உத்தமம், குழந்தை தூங்கட்டும்.

எனவே கொடைக்கானலுக்கு ஓர் இரவு என்பது வீண். ஏற ஒரு நாள், இறங்க ஒரு நாள் போனால், இடையில் முழுதாக ஒரு நாளாவது மிஞ்ச வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ஆனால் 2025 கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள் என்ற வரம்பும் வந்தபின், அறையை மட்டும் பதிவு செய்துவிட்டு இதை மறப்பது சோதனைச்சாவடியில் குழந்தைகளோடு காத்துக் கிடப்பதற்கு வழியாகும். பேரிஜம் ஏரியை இந்தப் பயணத்தில் விட்டுவிடலாம்: வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள், மேலும் ஒருமுறை வளைவுகளும் உண்டு.

மருத்துவ வசதிக்கு ஊரில் அரசு மருத்துவமனை உண்டு. அதற்கு மேல் தேவைப்பட்டால் தேனிக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டும் என்பது இந்த ஊரின் பலவீனம். அடிக்கடி மூச்சிரைப்பு வரும் குழந்தை என்றால் நான் இதைத் தவிர்ப்பேன்.

## உதகை

பார்க்க வேண்டியவை மிகுதியாக உள்ள ஊர். ஏரிக்காக மட்டும் என்றால் நான்கிலும் கடைசியாக வைக்க வேண்டிய ஊர். ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த உதகை ஏரி ஊர் வளர வளரக் குறுகியது; நகரின் கழிவு அதில் கலக்கும் சிக்கலும் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வருகிறது. படகில் போகலாம்; ஆனால் குழந்தை தண்ணீரில் கைவிட்டு அளைய விரும்பும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். படகு இல்லத்தைச் சுற்றி விளையாட்டுகளும் கடைகளும் நெருக்கியடித்து நிற்பதால், இயற்கையைத் தேடி வந்தவர்களுக்கு அது சந்தை போலத் தோன்றும். கூடலூர்ச் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கும் பைக்காரா ஏரி அந்த வகையில் எவ்வளவோ மேல். ஆனால் அதற்காக மீண்டும் குழந்தையைக் காரில் கட்ட வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோத்தகிரி வழியும் உண்டு. கோடைச் சீசனில் ஒரு வழி ஏறவும் மற்றது இறங்கவும் என்று காவல்துறை மாற்றிவிடுவதுண்டு என்பதால், வழியில் நிறுத்தலாம் என்று நினைத்த இடம் வராமலே போகலாம். மைசூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பசித்த குழந்தையோடு வாயிலுக்கு வெளியே இரவு ஒன்பது மணிக்கு நிற்பது எவருக்கும் வேண்டாம்.

ஆனால் உதகையிடம் மற்ற ஊர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் முழுப் பயணம் 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம் வரை எடுப்பதால் சிறு குழந்தைக்கு அது நீளம். உதகையிலிருந்து குன்னூர் வரை இறங்கும் பகுதி ஒரு மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பும் நாளில் ஒருவர் காரைக் குன்னூருக்கு ஓட்டிப்போக, மற்றவர் குழந்தைகளோடு ரயிலில் வந்து இறங்கினால், மலைப்பாதையின் ஒரு பகுதி வாந்தியின்றிக் கழிவதோடு ஊருக்குப் போன பின்னும் குழந்தை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும். பயணச்சீட்டை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் உறைபனியும் விழும். அறை வாடகைக்கு வெளியே அறைச் சூடேற்றிக்குத் தனிக் கட்டணம், குறித்த நேரத்தில் மட்டும் வெந்நீர், ஈரத்தில் இரண்டு நாளானாலும் உலராத குழந்தைத் துணி ஆகியவை இங்கே மறைவான செலவுகள். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் புட்டிகளும் ஒரு பெரிய தண்ணீர்க் கேனும் வீட்டிலிருந்தே வர வேண்டும். ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது பெரிய ஆறுதல். ஐந்து வயதைக் கடந்த குழந்தைகள், மூன்று இரவுகள், பூங்காவும் ரயிலும் வேண்டும் என்ற விருப்பம் ஆகியவை சேர்ந்திருந்தால் உதகை பொருந்தும்.

## தேக்கடி

முல்லைப் பெரியாற்று அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டதும் காட்டுக்குள் தேங்கிய நீரே பெரியாறு ஏரி. மூழ்கிய மரங்களின் மொட்டைத் தண்டுகள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்க, அவற்றில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். வனம் சூழ்ந்த ஏரி என்ற பொருளில் நான்கில் இதுவே உண்மையான இயற்கை இடம். கம்பம் வரை சமவெளி. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளிக்கு ஏறும் மலைப்பாதை சில கிலோமீட்டர்தான். உயரமும் ஏறத்தாழ 900 மீட்டர் என்பதால் கம்பளி மூட்டை வேண்டாம்.

சிக்கல் படகில் இருக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். மிதவைச் சட்டையோடு இருக்கையில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். தொலைவில் கரையில் ஒரு யானையோ மிளாவோ தெரிந்தால் பாக்கியம். இரண்டு வயதுக் குழந்தை இருபதாவது நிமிடத்தில் இறங்க வேண்டும் என்று அழத் தொடங்கினால் நடுநீரில் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததை இங்கே குறிப்பிடுவது அச்சுறுத்துவதற்காக அன்று. எழுந்து நிற்காமலும் ஒரு பக்கமாகத் திரளாமலும் இருக்கச் சொன்னால் புரிந்துகொள்ளும் வயது குழந்தைக்கு வந்திருக்க வேண்டும் என்பதற்காகவே. ஏழு எட்டு வயதில் இந்தப் படகு மறக்க முடியாத அனுபவம். மூன்று வயதில் அது தண்டனை.

படகுத்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், கரைக்கு நினைத்தபோது நடந்துபோக முடியாது; நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும் தனித்தனி. மழைக்காலத்தில் அட்டைகள் உண்டு. வாடகைக் காரில் போனால் கேரளத்துக்குள் நுழைவதற்கான அனுமதியும் வரியும் யார் பொறுப்பு என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | ஏற்காடு | கொடைக்கானல் | உதகை | தேக்கடி |
|---|---|---|---|---|
| உயரம் (ஏறத்தாழ) | 1,515 மீ. | 2,133 மீ. | 2,240 மீ. | 900 மீ. |
| மலைப்பாதை | குறைவு, கூர்மையான வளைவுகள் | மிக நீளம் | நீளம் | மிகக் குறைவு |
| கரையில் காலாற நடக்க | நன்று | மிக நன்று | சுமார் | இயலாது |
| இ-பாஸ் | இல்லை | உண்டு | உண்டு | இல்லை |
| குறைந்தபட்ச இரவுகள் | 1 | 2 | 3 | 1 |
| ஏற்ற வயது | எதுவும் | 3-க்கு மேல் | 5-க்கு மேல் | 7-க்கு மேல் |
| மறைவான செலவு | வார இறுதிக் கூட்டம் | உடல் அலுப்பில் போகும் அரை நாள் | குளிர், கூடுதல் கார்ப் பயணம் | தனித்தனிக் கட்டணங்கள் |

சென்னை வாசகர்கள் இந்த நான்குக்கும் வெளியே ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நவம்பர் முதல் மார்ச் வரை என்றால் 80 கிலோமீட்டருக்குள் வேடந்தாங்கல் இருக்கிறது. படகு இல்லை, குளிர் இல்லை, மலை இல்லை. ஏரிக்கரை மேல் நடந்து, கோபுரத்தில் ஏறி, நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டு இரவு உணவுக்கு வீடு சேரலாம். நீண்ட பயணத்தைக் குழந்தை தாங்குமா என்று தெரியாதவர்களுக்கு இதைவிட மலிவான ஒத்திகை கிடையாது.

## ஒரே மூச்சிலா, இடையில் தங்கியா?

ஊர் முடிவானபின் எழும் அடுத்த கேள்வி இது. சென்னையிலிருந்து ஏற்காடு 370 கிலோமீட்டரை ஒட்டியது. கொடைக்கானலும் உதகையும் 500-ஐத் தாண்டுபவை. இரவெல்லாம் ஓட்டினால் குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில், விடியற்காலையில் கண் எரிய மலைப்பாதையைத் தொடங்கும் ஓட்டுநரும், நன்றாகத் தூங்கி எழுந்து நாளெல்லாம் குதிக்கப்போகும் குழந்தைகளும் விடுபட்டுப்போகிறார்கள். இரண்டாவது ஓட்டுநர் இல்லாத குடும்பத்துக்கு இதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

விடியலில் புறப்பட்டு ஒரே நாளில் போவது 350 கிலோமீட்டர் வரை சரி. அதற்கு மேல் என்றால் திண்டுக்கல்லிலோ சேலத்திலோ மேட்டுப்பாளையத்திலோ ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை எளிய உணவுக்குப் பின் ஏறுவதே நல்லது. கூடுதல் அறை வாடகை உறுத்தும்தான். ஆனால் மலையடிவார அறை மலைமேல் அறையைவிட மலிவு, அன்றைய மலைமேல் அறையும் மிச்சம் என்று பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை. கோவை, மதுரை, திருச்சி வாசகர்களுக்கு இந்தச் சிக்கலே எழாது.

எந்த வழியில் போனாலும் இருக்கையில் சமரசம் வேண்டாம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டாலோ குழந்தைக்கான இருக்கையாலோ பிணைத்திருக்க வேண்டும் என்கிறது. மீறினால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பன்று. திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையாலும் அந்த வேகத்தைத் தாங்க முடியாது. வாடகைக் கார்களில் பின்னிருக்கைப் பெல்ட்டின் பூட்டு இருக்கை உறைக்குள் புதைந்து கிடப்பது வழக்கம் என்பதால், புறப்படுவதற்கு முதல் நாளே காரை வரவழைத்து அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

இறங்கும்போது வாந்தியைவிடக் காதுவலிதான் கைக்குழந்தையை அழவைக்கும். காற்றழுத்தம் கூடக் கூடச் செவிப்பறை உள்ளே அழுந்துகிறது. விழுங்கினால் அது சரியாகும். ஓடும் காரில் குழந்தையை இருக்கையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதால், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வழியில் இரண்டு இடங்களில் காரை ஓரங்கட்டிப் பாலூட்டிவிட்டுத் தொடரலாம். பெரிய குழந்தைக்கு அடிக்கடி ஒரு வாய்த் தண்ணீர் போதும். ஓட்டுபவர் ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக்கும் சூடாகாது, குழந்தைகளின் தலையும் முன்னும் பின்னும் ஆடாது.